மேலே எறிந்த கல் எங்கே நிற்கும்? – கலிலியோவின் கதை

வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலாக எறியப்பட்ட பந்து அடையும் அதிகபட்ச உயரம் என்ன?

பிளஸ் ஒன் பிசிக்ஸ் படிச்ச யாரைக் கேட்டாலும் அரை நிமிஷத்துல விடை வந்துடும். யு ஸ்கொயர் பை 2ஜி. 20-ஐ 20-ஆல பெருக்கினா 400. ஜி-யை 10-ன்னு வச்சுக்கிட்டா கீழே 20. வகுத்தா 20 மீட்டர். ரெண்டு மார்க். அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

ஆனா நண்பர்களே, இந்த ரெண்டு மார்க் கேள்விக்குப் பின்னாடி ஒரு மனுஷனோட கிட்டத்தட்ட ஐம்பது வருஷ வாழ்க்கை இருக்கு. அதுல அவர் ரெண்டு தடவை தப்பான வழியில போனார். கடைசியில விடையை எழுதி முடிக்கும்போது வீட்டுக்காவல்ல இருந்தார், கண்ணும் போயிட்டிருந்தது. அவர்தான் கலிலியோ கலிலி. தொலைநோக்கி, வியாழனின் நிலவுகள், சர்ச் விசாரணை என்று அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை வேறு. இது அந்தக் கல்லின் கதை.

பாட்டுக்கார அப்பாவும் படிப்பை விட்ட பிள்ளையும்

1564 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் பைசா நகரத்தில் கலிலியோ பிறந்தார். அப்பா வின்சென்சோ லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர். வெறும் வாசிப்போடு நிற்கவில்லை. நரம்பில் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு எடைக்கு ஸ்வரம் எவ்வளவு ஏறுகிறது என்று சோதித்துப் பார்த்தவர். ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போக எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் போதும் என்றுதான் பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அவர் தொங்கவிட்டுப் பார்த்தார். நான்கு மடங்கு தேவைப்பட்டது. இந்த இரண்டு, நான்கு கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேற இடத்துல திரும்ப வரும்.

மகனை டாக்டராக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. (நம்ம ஊர் மட்டும்தான்னு நினைச்சீங்களா?) 1581-இல் பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்த்துவிட்டார். பையனுக்கோ யூக்ளிட்டும் ஆர்க்கிமிடீசும் பிடித்துப்போனது. 1585-இல் பட்டம் வாங்காமலேயே வெளியேறினார். நான்கு வருஷம் கழித்து, 1589-இல், அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். சம்பளம் வருஷத்துக்கு வெறும் 60 ஸ்கூடி. அங்கே மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர்கள் வாங்கியதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

முதல் தப்பு

அந்தக் காலத்தில் இயக்கத்தைப் பற்றிய பாடம் என்றால் அரிஸ்டாட்டில்தான். கையை விட்ட பிறகும் கல் ஏன் மேலே போகிறது? பின்னாலிருந்து காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகிறது என்பது பாடப்புத்தக விடை. இருபத்தைந்து வயது கலிலியோவுக்கு இது ஒத்துவரவில்லை. இயக்கத்தைப் பற்றி லத்தீனில் ஒரு கையெழுத்துப் பிரதி எழுதத் தொடங்கினார்.

அதில் அவர் கொடுத்த விளக்கம் இது. எறியும்போது கை கல்லுக்குள் ஒரு விசையைப் பதித்துவிடுகிறது. நெருப்பிலிருந்து எடுத்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஆறுவது மாதிரி, அடித்த மணியின் ஓசை கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவது மாதிரி, அந்த விசையும் கரைந்துகொண்டே வரும். அது கல்லின் எடையை விட அதிகமாக இருக்கும்வரை கல் மேலே போகும். இரண்டும் சமமாகும் இடம்தான் உச்சி. அதற்குப் பிறகு எடை ஜெயிக்கும், கல் இறங்கும்.

படிக்க நல்லாத்தான் இருக்கு இல்லையா? இன்னைக்கும் நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் மனசுக்குள்ள இந்த மாடல்தான் ஓடிட்டு இருக்கும். உச்சியில விசை பூஜ்யமான்னு வைவாவுல கேட்டா ஆமான்னு தலையாட்டுறவங்க எத்தனை பேர்! கையை விட்ட கணத்திலிருந்து (காற்றின் தடையைத் தள்ளிவைத்தால்) கல்லின் மேல் இருப்பது ஒரே ஒரு விசைதான், அதன் எடை. ஏறும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். உச்சியில் பூஜ்யமாவது வேகம் மட்டுமே. முடுக்கம் அப்படியே இருக்கிறது.

இளம் கலிலியோவுக்கு இது அப்போது தெரியாது. ஆனால் தன் விளக்கத்தில் எங்கோ இடிக்கிறது என்று மட்டும் பட்டிருக்க வேண்டும். அந்தப் பிரதியை அவர் கடைசிவரை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை.

குடும்ப பாரம்

1591-இல் அப்பா இறந்தார். மூத்த மகன் கலிலியோ. தங்கையின் வரதட்சணைப் பாக்கி, தம்பியின் செலவு எல்லாம் அவர் தலையில் விழுந்தது. 1592-இல் பதுவா பல்கலைக்கழகத்துக்கு வேலை மாறினார். அங்கே சம்பளம் கூடுதல்தான், ஆனாலும் போதவில்லை. வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்து டியூஷன் எடுத்தார். ராணுவத்துக்குப் பயன்படும் ஒரு கணக்கிடும் கருவியைச் செய்து விற்றார். மரினா காம்பா என்ற பெண்ணோடு வாழ்ந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. விர்ஜினியா, லிவியா, வின்சென்சோ என்று மூன்று குழந்தைகள்.

டியூஷன், கடன், குழந்தைகள். இதற்கு நடுவில்தான் கல்லின் கணக்கு மறுபடி தொடங்கியது.

நேர் கீழே விழும் கல்லை அளக்க முடியாது, அவ்வளவு வேகம். ஸ்டாப்வாட்ச் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் கலிலியோ விழுவதை மெதுவாக்கினார். ஏழு மீட்டர் அளவு நீளமான மரச்சட்டம், அதில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் வழவழப்பான தோல்தாள், அதன் மேல் உருளும் வெண்கலக் குண்டு. சட்டத்தின் ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்தினால் சாய்தளம் ரெடி. நேரத்துக்கு? பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அடியில் மெல்லிய குழாய். குண்டை விடும்போது திறந்து, அது அடியைத் தொடும்போது மூடி, பிடித்த தண்ணீரைத் தராசில் எடை போட்டார். எடைதான் நேரம். முழுசாக நூறு முறை திரும்பத் திரும்பச் செய்ததாகப் பின்னாளில் எழுதினார்.

கிடைத்தது ஒரு அழகான வரிசை. முதல் நேரத்துண்டில் குண்டு 1 பங்கு தூரம் போனால், அடுத்த அதே அளவு நேரத்தில் 3 பங்கு, அடுத்து 5, அடுத்து 7. கூட்டிப் பாருங்க: 1, 4, 9, 16. தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது.

மேலே எறிந்த கல்லுக்கும் இதே வரிசைதான், தலைகீழாக. நம்ம 20 மீட்டர் பந்தையே எடுத்துக்கோங்க. அது உச்சிக்குப் போக 2 வினாடி ஆகும். அதை அரை அரை வினாடியாக நறுக்கினால், முதல் துண்டில் 8.75 மீட்டர், அடுத்து 6.25, அடுத்து 3.75, கடைசியில் 1.25. விகிதம் 7, 5, 3, 1. கால்குலேட்டர் இருந்தா தட்டிப் பாருங்க.

இன்னொன்னும் இதுல ஒளிஞ்சிருக்கு. பந்து மொத்தம் 4 வினாடி காற்றில் இருக்கிறது. அதில் 2 வினாடி, அதாவது சரிபாதி நேரம், 15 மீட்டருக்கு மேலே உள்ள கால்பங்கு உயரத்தில்தான் கழிகிறது. அதனால்தான் உச்சியில் பந்து ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கிற மாதிரி நமக்குத் தோணுது. உண்மையில் அது நிற்பதில்லை. எந்த ஒரு வேகத்திலும் ஒரு கணத்துக்கு மேல் அது தங்குவதில்லை, பூஜ்யம் உட்பட.

இரண்டாவது தப்பு

1604 அக்டோபரில், வெனிஸில் இருந்த நண்பர் பாவ்லோ சார்ப்பிக்குக் கலிலியோ ஒரு கடிதம் எழுதினார். வர்க்க விதி கிடைத்துவிட்டது என்றும், விழும் பொருளும் மேலே எறிந்த பொருளும் ஒரே வேக வரிசையைத்தான் கடக்கின்றன என்றும் அதில் சொன்னார். இரண்டுமே சரி. ஆனால் இதற்கு அடிப்படையாக அவர் பிடித்துக்கொண்ட கொள்கை தப்பு. விழும் பொருளின் வேகம், அது விழுந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று நினைத்தார். இரண்டு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டு மடங்கு வேகம்.

அப்படி இருந்திருந்தால் நம்ம ஃபார்முலாவே வேறு மாதிரி ஆகியிருக்கும். இரண்டு மடங்கு வேகத்தில் எறிந்தால் கல் இரண்டு மடங்கு உயரம்தான் போயிருக்கும்.

சரியானது எது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? இங்கேதான் ஒரு தாள் வருகிறது. ஃபிளாரன்ஸ் தேசிய நூலகத்தில் அவருடைய இயக்கம் பற்றிய குறிப்புத் தாள்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதில் 116-ஆம் தாளின் பின்பக்கத்தை 1970-களின் தொடக்கத்தில் ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் கவனித்து வெளியிட்டார். அதுவரை அச்சில் வராத தாள் அது. 1608 வாக்கில் எழுதப்பட்டதாகக் கணிக்கிறார்கள். அது சுத்தமான ஒரு லேப் அப்சர்வேஷன் ஷீட்.

சோதனை இதுதான். மேஜை மேல் சாய்தளம். குறிப்பிட்ட உயரத்திலிருந்து குண்டை உருட்டிவிட்டால், அது மேஜை விளிம்பில் கிடைமட்டமாகத் திரும்பிக் காற்றில் பாய்ந்து தரையில் விழும். மேஜை உயரம் மாறாததால் தரைக்கு வர ஆகும் நேரமும் மாறாது. ஆக, எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்பதே வேகத்தின் அளவு. கடிகாரமே தேவையில்லாத வேக மீட்டர்!

அளவுகளை புன்டி என்ற அலகில் குறித்தார். ஒரு புன்டி கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். 300 உயரத்திலிருந்து விட்டபோது குண்டு 800 தள்ளி விழுந்தது. அதே குண்டை 600-இலிருந்து விட்டால்? வேகம் தூரத்துக்கு நேர்விகிதம் என்றால் 1600 வர வேண்டும். உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்றால் 1131 வர வேண்டும். அளந்தபோது வந்தது 1172. கலிலியோ 1131 என்று கணக்கிட்டதை எழுதி, பக்கத்திலேயே வித்தியாசம் 41 என்றும் குறித்துவைத்தார். 800 உயரத்துக்கு வர வேண்டியது 1306, வந்தது 1328, வித்தியாசம் 22. 1000-க்கு வர வேண்டியது 1460, வந்தது 1500, வித்தியாசம் 40.

நம்ம லேப்ல என்ன பண்ணுவோம்? முதல்ல ஃபார்முலாவுல விடையைப் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ரீடிங்கை எழுதிடுவோம். யாரும் பார்க்கப்போகாத தன் சொந்தத் தாளில் அவர் 41-ஐ 41 என்றே எழுதிவைத்தார். அந்த 41 அவரைக் கவலைப்படுத்தவில்லை, ஏனென்றால் 1600 எங்கே, 1172 எங்கே! தூரத்தோடு நேர்விகிதம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. வேகத்தின் வர்க்கம்தான் உயரத்தோடு சேர்ந்து போகிறது.

அப்பாவின் நரம்புக் கணக்கு ஞாபகம் இருக்கா? இங்கேயும் அதேதான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் உயரம் நான்கு மடங்கு. வினாடிக்கு 10 மீட்டரில் எறிந்தால் 5 மீட்டர், 20-இல் எறிந்தால் 20 மீட்டர், 40-இல் எறிந்தால் 80 மீட்டர்.

முப்பது வருஷ இடைவேளை

இதை உடனே புத்தகமாக்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 1609-இல் தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. அடுத்த வருஷம் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டு ஐரோப்பா முழுக்கப் பிரபலமானார். பதுவாவை விட்டு ஃபிளாரன்ஸ் அரசவைக்குப் போனார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தை ஆதரித்ததற்காக 1616-இல் ரோமில் எச்சரிக்கப்பட்டார். 1632-இல் அதே விஷயத்தை உரையாடல் வடிவில் புத்தகமாக எழுதியபோது விசாரணைக்கு இழுக்கப்பட்டார். 1633 ஜூன் 22 அன்று, அறுபத்தொன்பது வயதில், ரோமில் மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைக்கப்பட்டார். ஆயுள் முழுக்கக் காவல். பழையதோ புதியதோ, அவருடைய எந்தப் புத்தகத்தையும் அச்சிடத் தடை.

முதலில் சியனா நகரப் பேராயர் பிக்கோலோமினி தன் வீட்டில் அவரை மரியாதையோடு வைத்துக்கொண்டார். அங்கேதான் அவர் பதுவா காலத்துக் கணக்குகளை மறுபடி கையில் எடுத்தார். வானத்தைப் பற்றிப் பேசத்தானே தடை? கல்லைப் பற்றிப் பேசலாமே.

அந்த டிசம்பரில் ஃபிளாரன்சுக்கு வெளியே ஆர்செட்ரியில் இருந்த வாடகை வீட்டுக்கு அனுப்பப்பட்டார், வீட்டுக்காவலாக. பக்கத்துக் கன்னிமடத்தில்தான் மூத்த மகள் விர்ஜினியா சகோதரி மரியா செலஸ்தே என்ற பெயரில் துறவியாக இருந்தார். அப்பாவின் சட்டைக் காலரை வெளுத்துக் கொடுப்பது, மருந்து தயாரித்து அனுப்புவது, அவர் ரோமில் இருந்த மாதங்களில் வீட்டையும் தோட்டத்தையும் கவனிப்பது எல்லாம் அவர்தான். தண்டனையில் ஒரு பகுதியாகக் கலிலியோ மூன்று வருஷம் வாரம்தோறும் ஜபப் பாடல்கள் ஓத வேண்டும் என்றிருந்தது. அதையும் அப்பாவுக்குப் பதிலாகத் தானே ஓதுவதாக ஏற்றுக்கொண்டார்.

அப்பா வீடு திரும்பி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1634 ஏப்ரல் 2 அன்று மரியா செலஸ்தே வயிற்றுப்போக்கு நோயில் இறந்தார். வயது 33. மகள் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லக் கேட்டு, மடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது, ரோமிலிருந்து வந்த உத்தரவு கலிலியோவுக்காகக் காத்திருந்தது. வைத்தியத்துக்காக ஃபிளாரன்சுக்குப் போக அனுமதி கேட்டு இனி மனுப் போடக்கூடாது, போட்டால் மறுபடி சிறைதான் என்று. பல மாதங்கள் அவரால் எதுவும் எழுத முடியவில்லை. தூக்கம் இல்லை, நாடித்துடிப்பு சீராக இல்லை.

அதன்பிறகு அவர் மறுபடி எழுத உட்கார்ந்தார் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய விஷயம்.

லெய்டனுக்குப் போன பிரதி

புத்தகத்தின் பெயர் இரண்டு புதிய அறிவியல்கள் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, பொருட்கள் எப்போது உடைகின்றன என்பது. (சிவில், மெக்கானிக்கல் நண்பர்களே, உங்க ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தொடங்குற இடங்கள்ல ஒண்ணு அது.) மற்றொன்று இயக்கம். மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து பேசுவது போல எழுதினார். அதில் இரண்டு பேர், சல்வியாட்டியும் சக்ரெடோவும், அவருடைய இறந்துபோன நண்பர்கள்.

மூன்றாம் நாள் பேச்சில் ஆணியும் ஊசலும் வருகின்றன. நூலில் கட்டிய குண்டை ஒரு உயரத்திலிருந்து விட்டால், மறுபக்கம் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். நூல் போகும் வழியில் ஒரு ஆணியை அடித்துப் பாதையைச் சுருக்கினாலும், குண்டு வேறு வளைவில் போய் அதே உயரத்தைத்தான் தொடும். விழும்போது சம்பாதித்த வேகம், அதே உயரத்துக்குத் திரும்ப ஏறச் சரியாகப் போதுமானது. 20 மீட்டர் உயரம் எறிய என்ன வேகம் வேண்டும் என்று கேட்டால், 20 மீட்டரிலிருந்து விழுந்தால் என்ன வேகம் வருமோ அதே வேகம். நம்ம ஃபார்முலா முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜி-யின் மதிப்பை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. 1632 புத்தகத்தில் அவர் கொடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையில் பாதிதான் வரும். எண் தவறியது, விகிதம் தவறவில்லை.

அதே மூன்றாம் நாளில், சக்ரெடோ ஒரு விளக்கம் சொல்கிறார். எறிந்த கல்லில் பதிந்த விசை கரைந்துகொண்டே வருகிறது, எடைக்குச் சமமாகும் இடம்தான் உச்சி என்று. ஆமாம், இருபத்தைந்து வயதுக் கலிலியோவின் அதே விளக்கம்! வேகம் விழுந்த தூரத்துக்கு நேர்விகிதம் என்ற கருத்தும் வருகிறது. நூலாசிரியரே கொஞ்ச காலம் இந்தத் தவறில் இருந்தார் என்று சல்வியாட்டி சொல்லிவிடுகிறார். மறைத்திருக்கலாம். 1604 கடிதம் சார்ப்பிக்கு எழுதிய தனிக் கடிதம், பழைய பிரதி அச்சேறாதது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் இரண்டு தப்பையும் எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தார். படிப்பவர்கள் அதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள் என்று தன் அனுபவத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருந்தது.

இத்தாலியில் அச்சிட முடியாது. ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் எல்செவியர் அச்சகத்தார் துணிந்தார்கள். (நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஜர்னல் தேடும்போது வர்ற எல்செவியர் கம்பெனி, அந்தப் பழைய அச்சகத்தின் பெயரை எடுத்துக்கொண்டதுதான்.) தனக்குத் தெரியாமலே பிரதி அச்சுக்குப் போய்விட்டது போல ஒரு முன்னுரையும் எழுதிக்கொண்டார். 1638-இல் புத்தகம் வெளிவந்தது.

அதற்குள் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அச்சான பிரதி ஆர்செட்ரிக்கு வந்தபோது அவரால் அதைக் கையில் தொட்டுப் பார்க்க மட்டுமே முடிந்தது.

கடைசி வருஷங்களில் விவியானி என்ற பதின்வயது மாணவன் கூடவே தங்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதினான். 1641 அக்டோபரில் டோரிசெல்லியும் வந்து சேர்ந்தார், பாதரச பாரோமீட்டரால் பின்னாளில் நமக்குத் தெரிந்த அதே டோரிசெல்லி. 1642 ஜனவரி 8 அன்று கலிலியோ இறந்தார். நினைவிடம் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஃபிளாரன்ஸ் சாந்தா குரோசே தேவாலயத்தின் ஒரு சின்ன அறையில் புதைத்தார்கள். 95 வருஷம் கழித்து, 1737-இல்தான், உடல் தேவாலயத்தின் முக்கியப் பகுதிக்கு மாற்றப்பட்டது.

அடுத்த தடவை இந்தக் கணக்கு வரும்போது யு ஸ்கொயர் பை 2ஜி-ன்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கிக்கோங்க. அந்த ஸ்கொயர் எங்கிருந்து வந்ததுன்னு ஜூனியர் யாராவது கேட்டா, மேஜை, குண்டு, 1131-க்குப் பதிலா வந்த 1172-ன்னு இந்தக் கதையைச் சொல்லுங்க. லேப்ல ரீடிங் 41 தள்ளி வந்தாலும், அதை அப்படியே எழுதிட்டு வாங்க.